ஐம்பத்தொன்றரைக் கிலோ

குதிரையை அனுப்பினவர்கள், மேலே உட்கார்ந்திருந்த ஆளை இறக்காமலே அனுப்பிவிட்டார்கள். தப்பு அங்கேதான்.

ஆள் கண்ணுக்குத் தெரியவில்லை. கைக்கும் அகப்படவில்லை. எடை மட்டும் இருந்தது.

மலையடிவாரத்தில் கொளுஞ்சிப்பாளையத்துக்கு மேற்கே, ஓடி ஓய்ந்த பந்தயக் குதிரைகளைச் சாகிற நாள்வரை வைத்துப் பார்த்துக்கொள்ளும் பண்ணை ஒன்று இருக்கிறது, நடத்துகிறவர் குமுதவல்லி என்ற கால்நடை டாக்டர். அந்தப் பண்ணைக்கு ஓர் ஆனி மாதம் லாரியில் ஏழு குதிரைகள் வந்து இறங்கின, இறங்கியதும் ஆறு குதிரைகள், வயதெல்லாம் சிமெண்ட் லாயத்திலும் வெட்டிச் சீவிய புல்லிலும் கழித்தவை, முதன்முதலாகச் செம்மண்ணைக் கண்டு, நாலு காலும் வானத்தைப் பார்க்கப் படுத்துப் புரண்டு, எழுந்து உதறி, மறுபடி புரண்டு, வேலியோரம் நின்ற ஊரைச் சிரிக்க வைத்தன. ஏழாவது புரளவில்லை. முன்கால்களை மடித்தது, பாதி இறங்கியது, இடுப்பில் பிள்ளை இருக்கிற ஞாபகம் வந்தவள்போல அப்படியே நின்று, மெல்ல எழுந்துகொண்டது.

செம்பட்டை நிறம். பெட்டை. பந்தயத்தில் அதன் பெயர் ஈவினிங் ராகா. ஊர் ராகம்மா என்றது.

பூச்சி மருந்து கொடுக்க எடை தெரிய வேண்டும் என்று டாக்டர் அதைத் தென்னை நார் மில்லின் எடைமேடைக்கு ஓட்டிப் போனார். டேப் வைத்து நெஞ்சுச் சுற்றளவை அளந்து போட்ட கணக்கில் நானூற்று முப்பது கிலோ வர வேண்டியது, மேடையில் நானூற்று எண்பத்தொன்றரை காட்டியது. மேட்டுப்பாளையத்திலிருந்து மெக்கானிக் வந்தான், எடை காட்டுகிற பெட்டியைக் கழற்றினான், மாட்டினான், மறுபடி கழற்றினான், கடைசியில் தானே ஏறி நின்றான், மில் வாட்ச்மேனை ஏற்றினான், மூன்று வெள்ளாடுகளை ஏற்றினான், எல்லாம் சரியாக இருந்தது. குதிரை இளைத்து டேப் கணக்கில் நானூற்றுப் பத்துக்கு வந்தபோது மேடை நானூற்று அறுபத்தொன்றரை காட்டியது. கூட இருப்பது ஐம்பத்தொன்றரைக் கிலோ, குறைந்ததில்லை, கூடியதில்லை.

சவாரி செய்கிற ஆள் அது என்று கண்டுபிடித்ததும் அந்த மெக்கானிக்தான். குதிரை மேடையில் திரும்பும்போது எடை ஒரு பக்கமாகச் சாய்ந்து பிறகு நிமிர்கிறது, மூட்டையென்றால் சாய்ந்தது சாய்ந்தபடி கிடக்கும், இது பழக்கமான ஆள் என்று சொல்லிவிட்டு, டீயைக் குடித்துவிட்டு, அடுத்த ஊரில் பால் சொசைட்டித் தராசு பழுது என்று போய்விட்டான்.

ஊர் இரண்டு நாள் பயந்தது. மூன்றாம் நாள் பூசாரி கருப்பணனைக் கூட்டி வந்து காட்டினார்கள். அவர் குதிரையைச் சுற்றி வந்தார், முதுகில் கை வைத்து, முதுகு குழிந்திருப்பதைத் தடவிப் பார்த்தார். "பேய்க்கு ஏதுங்கடா எடை?" என்றார். "இது மனுசன்."

மனுசன் என்று ஆனபிறகு, வெளியூர்க்காரன் என்று ஆனபிறகு, மரியாதை தானாக வந்தது. வேலியைக் கடந்து போகிறவர்கள் குதிரையின் முதுகுக்கு ஒரு முழம் மேலே பார்த்து, ஏனுங்க சௌக்கியமுங்களா என்று கேட்டுவிட்டுப் போனார்கள். ஆண்கள் பீடியை முதுகுக்குப் பின்னால் மறைத்தார்கள். டவுன் பஸ் ஓட்டுகிறவர் ராகம்மா ரோட்டைக் கடக்கும்போது வண்டியை நிறுத்த, கண்டக்டர், டபுள்ஸ் போகுது பொறுங்க என்று உள்ளே இருப்பவர்களுக்குச் சொன்னார். கணக்கெடுக்க வந்த பள்ளிக்கூட வாத்தியார் பெயர் தெரியாததால் சவாரிக்காரர் என்றே எழுதி, வீடு என்ற இடத்தில் குதிரை என்று எழுதி, மேலதிகாரி அடித்து அனுப்பியதை மறுபடி அப்படியே எழுதினார். ஓட்டுக் கேட்டு வந்தவர், யார் எவரென்று விசாரிக்காமல், எல்லாரையும் கும்பிட்ட கையோடு அந்த முதுகையும் கும்பிட்டார். ரேஷன் கடைக்காரர் மட்டும் கைரேகை இல்லாமல் முடியாது என்றார். அவர் எல்லாருக்கும் அப்படித்தான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் திருப்பூரிலிருந்தும் கோயமுத்தூரிலிருந்தும் குடும்பம் குடும்பமாகப் பண்ணையைப் பார்க்க வருவார்கள், கேரட் வாங்கி வருவார்கள், பிள்ளைகளைக் குதிரைமேல் உட்கார வைத்துப் படம் எடுக்கலாமா என்று கேட்பார்கள். ராகம்மாவைக் காட்டினால், அதில் ஆள் இருக்கிறார் என்று ஊர்க்காரர்கள் சொல்வார்கள், பஸ்ஸில் சீட்டில் ஆள் இருக்கிறார் என்று சொல்கிற அதே குரலில். வந்தவர்கள் வேறு குதிரைக்குப் போய்விடுவார்கள். ஒருமுறை ரேஸ் பைத்தியம் ஒருவன் வந்து, அடுத்த சனிக்கிழமை எது ஜெயிக்கும் சொல்லுங்க சார் என்று அரைமணி நேரம் முதுகைப் பார்த்துக் கெஞ்சினான். ராகம்மா உதைத்தது. உதைத்தது குதிரையா, மேலே இருந்தவர் சொல்லியா என்று ஒரு வாரம் பேசினார்கள்.

அதற்கப்புறம்தான் பெண்கள் வர ஆரம்பித்தார்கள். மாமியாரைப் பற்றி, மகனைப் பற்றி, குடிக்கிறவனைப் பற்றி, கைமாற்றிய நகை திரும்பி வராததைப் பற்றி, வேலியில் சாய்ந்து நின்று சொல்வார்கள், குறுக்கே பேசாமல் கேட்கிற ஆண்பிள்ளை ஊரில் வேறு யாரும் இல்லை. சொல்லச் சொல்லக் குதிரையின் முதுகு, பேசுகிறவள் நிற்கிற பக்கமாகக் கொஞ்சம் சாயும். அதுபோதும். சாய்ந்து கேட்கிறார் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு போவார்கள். இப்படி எட்டு மாதம். ஊருக்கு அவர் பழகிப்போய்விட்டார்.

குதிரைக்குப் பழகவில்லை.

குதிரை நின்றபடியே கண்ணயரும், எல்லாருக்கும் தெரியும். ஆனால் அசந்து தூங்க அது படுத்தாக வேண்டும், அரைமணியாவது. ராகம்மா எட்டு மாதமாகப் படுக்கவில்லை. மேலே ஆள் இருக்கும்போது படுக்கக் கூடாது என்று அதற்கு இரண்டு வயதில் சொல்லிக் கொடுத்தது, மறக்கவில்லை. நட்டநடுப் பகலில் நின்றபடி தூங்கி, முட்டி மடங்கி, முகம் குப்புற விழப்போய், திடுக்கிட்டு எழும். நாளுக்குப் பத்துத் தடவை, இருபது தடவை. இரண்டு முட்டியிலும் தோல் போய் எலும்பு வெள்ளையாகத் தெரிந்தது. டாக்டர் கட்டுப் போட்டார், மெத்தை போட்டார், ஊசி போட்டுப் படுக்கவைக்கப் பார்த்தார், மயக்கத்திலும் அது காலை விரித்து நின்றது. மாசி பிறந்ததும் டாக்டர் ஊரைக் கூப்பிட்டுச் சொன்னார்: வருகிற புதன்கிழமை வரைக்கும் பார்ப்பேன். அதற்குள் அவர் இறங்காவிட்டால் நான் இதை வதைக்க மாட்டேன், ஊசி போட்டு ஒரேயடியாக அனுப்பிவிடுவேன்.

அவர் இறங்கிவிட்டால் போய்விடுவாரே என்று சிலருக்கு இருந்தது. அதை வெளியே சொல்ல வெட்கம்.

பூசாரி ஒரு வழி சொன்னார். அம்மனுக்குத் துலாபாரம் கொடுத்தால் பாரம் இறங்கும், எடைக்கு எடை வெல்லம். ஐம்பத்தொன்றரைக் கிலோ அச்சுவெல்லம் வாங்கிக் கோயில் முன்னால் குவித்து, குதிரையை நிறுத்தி, மேளம் அடித்து, தீபாராதனை காட்டினார்கள். ராகம்மா ஒன்றேகால் கிலோ வெல்லத்தைத் தின்றது. வேறு எதுவும் நடக்கவில்லை. குறைந்த ஒன்றேகாலை வாங்கிப் போட்டு மறுபடி காட்டினார்கள். அப்போதும் இல்லை.

அதன்பிறகுதான் டாக்டர் எனக்குப் போன் செய்தார். பந்தயத் திடலில் யாரோ என் நம்பரைக் கொடுத்திருக்கிறார்கள். நான் போத்தனூரில் இருந்தேன். மலைமேல் பந்தயத் திடலில் முப்பத்தொரு வருஷம் ஜாக்கிகளை எடை போட்ட குமாஸ்தா நான். ஓட்டத்துக்கு முன்னால் ஒவ்வொரு ஜாக்கியும் சேணத்தோடு வந்து தராசு நாற்காலியில் உட்கார வேண்டும். ஓட்டம் முடிந்ததும் முதல் நான்கு இடம் வந்தவர்கள் மறுபடி வந்து உட்கார வேண்டும். எடை ஒத்திருந்தால் நான் "சரி" என்பேன். நான் சொன்னபிறகுதான் ஜெயித்தவன் ஜெயித்தவன்.

டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. "ஐம்பத்தொன்றரைக் கிலோ என்றால் உங்களுக்கு யார் ஞாபகம் வருகிறது?" என்றார்.

"பாஸ்டின்," என்றேன். யோசிக்கவே இல்லை.

பாஸ்டின் பத்தொன்பது வருஷம் குதிரை ஓட்டினவன். அதிகம் ஜெயித்தவன் இல்லை. ஆனால் ஏழாவது வந்தாலும் எட்டாவது வந்தாலும் சேணத்தை அவிழ்த்து மார்போடு அணைத்துக்கொண்டு என் அறைக்கு வருவான், வேண்டாமடா உனக்கு அவசியமில்லை என்றால் கேட்கமாட்டான், உட்கார்ந்து, முள்ளைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்த்துக் காத்திருப்பான். நான் சரி என்றதும்தான் தொப்பியைக் கழற்றுவான். ஒவ்வொரு நாளும் எனக்கு எரிச்சல். போன வருஷம் சீசனின் கடைசி ஓட்டம், மழை. ஈவினிங் ராகா ஐந்தாவது வந்தது. நாலு பேரை எடை போட்டேன், ஐந்தாவது விதியில் இல்லை, கடைசி பஸ் போய்விடும், அறையைப் பூட்டினேன். சேணம் அவிழ்க்கிற இடத்தில் ராகா நின்றிருந்தது, மேலே பாஸ்டின் நிமிர்ந்தபடி உட்கார்ந்திருந்தான். மூச்சு நின்று ஐந்து நிமிஷம் ஆகியிருந்தது என்றார்கள். தூக்கி இறக்கிய நாலு பேரும் பஞ்சு மாதிரி இருந்தான் என்றார்கள். வேறு யார் உடம்பென்றாலும் அந்த வார்த்தையே ஆளைத் திடுக்கிட வைத்திருக்கும். ஜாக்கி உடம்பு அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டோம். எல்லாரும் அந்தத் தொழிலில் ஊறினவர்கள்.

திடலில் கம்ப்யூட்டர் தராசு வந்தபோது பழைய தராசை நான் எடுத்துக்கொண்டு வந்திருந்தேன். ஒரு பக்கம் நாற்காலி, ஒரு பக்கம் படிக்கல் தட்டு. திங்கள்கிழமை அதை டெம்போவில் ஏற்றிக்கொண்டு கொளுஞ்சிப்பாளையம் போய்ச் சேர்ந்தேன். ஊரே வந்து சுற்றி நின்றது. இவர்தான் சவாரிக்காரருக்கு ஆபீசரா என்று கேட்டார்கள், பெயர் பாஸ்டின் என்று தெரிந்ததும் பெயரை வாயில் போட்டுப் போட்டுப் பார்த்தார்கள். ராகம்மாவைப் பார்த்தேன். முட்டிகளைப் பார்த்தேன். அதன் கண்ணில் பீளை. என்னைப் பார்த்ததா, தூங்கியதா, தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை வேப்பமரத்தில் தராசைக் கட்டி, எண்ணெய் போட்டு, முள்ளைச் சரி செய்து, பழைய கோட்டை மாட்டிக்கொண்டேன். குதிரையைப் பக்கத்தில் நிறுத்தினார்கள். "ஏழாம் நம்பர், ஈவினிங் ராகா, பாஸ்டின்," என்று கூப்பிட்டேன். நாற்காலி ஆடவில்லை. மறுபடி கூப்பிட்டேன். தட்டில் ஐம்பத்தொன்றரைக் கிலோ படிக்கல்லை நானே வைத்தேன், நாற்காலி மேலே போயிற்று, வெறும் நாற்காலி, அதைப் பார்த்து, ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, என் தொழிலில் முதல்தடவையாக எடை போடாமலே "சரி" என்றேன். "சரிடா, போ," என்றேன். ராகம்மாவின் முதுகு குழிந்தபடியே இருந்தது. கொஞ்சம் என் பக்கம் சாய்ந்தது. அவ்வளவுதான்.

கூட்டம் கலைந்தது. யாரும் என்னை ஒன்றும் சொல்லவில்லை, சொல்லியிருக்கலாம்.

லாயத்துக்குப் பின்னால் கொள்ளு வேகிற அடுப்பு. குதிரைகளுக்குக் கொள்ளு வேகவைக்கிற பெண் ஒருத்தி, நாற்பத்தைந்து வயதிருக்கும், நார் மில்லில் வேலை செய்து இருமல் வந்து இங்கே வந்தவள், எல்லாரும் கொள்ளுக்காரக்கா என்று கூப்பிடுவார்கள். நான் போய் அங்கே உட்கார்ந்தேன், நிழல் இருந்தது. அவள் கிளறியபடியே கேட்டாள், நீங்க சரின்னு சொன்னதுக்கப்புறம் அவரு என்ன செய்வாருங்க என்று.

தெரியாது என்றேன். தொப்பியைக் கழற்றுவான், போவான்.

எங்கே போவார் என்றாள். எங்கேயாவது போவான் என்றேன். அவள் விடவில்லை. அப்போதுதான் எனக்குக் குழாயடி ஞாபகத்துக்கு வந்தது. எடை அறைக்குப் பின்னால் குழாயடியில் குந்தி உட்கார்ந்து, மூடிபோட்ட சின்ன டப்பாவில் எதையோ ஆறிப்போனதைத் தின்றுகொண்டிருப்பான். பத்தொன்பது வருஷம் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறேன். காலையில் எதுவும் தின்ன மாட்டான், அரைக் கிலோ கூடினால் அடுத்த குதிரை கிடைக்காது. முந்தின நாளும் தின்ன மாட்டான். வாயை நனைத்துத் துப்புவான்.

"அப்படீன்னா நீங்க சரிங்கறது எடைக்கு இல்லீங்க," என்றாள். "இனித் திங்கலாமுன்னு சொல்றது. காலைல சரின்னு சொன்னீங்களே, ஒரு வாய் சோறு வெச்சிருந்தீங்களா?"

நான் கோட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டேன்.

"எட்டு மாசமா சௌக்கியமான்னு கேட்டோம், வெல்லம் கொட்டினோம், எங்க அழுகையெல்லாம் கொட்டினோம்," என்று அவள் அடுப்பைப் பார்த்துச் சொன்னாள். "வந்த ஆளைச் சாப்பிட்டீங்களான்னு ஒருத்தியும் கேக்கலை பாருங்க. நானுந்தான் கேக்கலை. குதிரைக்கு மட்டும் பொங்கிப் போட்டிருக்கறேன்."

புதன்கிழமை விடிந்ததும் டாக்டர் ஊசி மருந்தை எடுத்து மேஜைமேல் வைத்தார். மணி பத்து என்று பேச்சு. கொள்ளுக்காரக்கா ஒன்பதுக்கே வந்துவிட்டாள். வீட்டிலிருந்து சோறு, பருப்பு, அரசாணிக்காய்ப் பொரியல், ரசம், ஒரு செம்பு மோர். வேப்பமரத்தடியில் மண்ணைக் கூட்டி, தண்ணீர் தெளித்து, சாணி மெழுகி, ஒரு மணைப்பலகை போட்டாள், எதிரே தலைவாழை இலை போட்டாள். ராகம்மாவை மரத்தடிக்கு ஓட்டி வரச் சொன்னாள். ஊர் மறுபடி கூடியிருந்தது, இன்றைக்கு யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. இலையில் சோறு வைத்தாள், பருப்பு ஊற்றினாள், நெய் விட்டாள். பிறகு முதுகைப் பார்க்காமல், யார் வீட்டுக்கு யார் வந்தாலும் சொல்கிற மாதிரி, கையைத் துடைத்தபடியே சொன்னாள்:

"எறங்கி வாங்க தம்பி. கை கழுவீட்டு உக்காருங்க. சோறு ஆறுது."

ஒரு கொக்கு கத்தி ஓய்கிற நேரம் ஆயிற்று.

ராகம்மாவின் முதுகு மெல்ல மெல்ல, குளத்தில் அமுக்கிப் பிடித்த பந்தை விட்டதுபோல, மேலே வந்தது. குழி நிரம்பியது. தோல் ஒருமுறை சிலிர்த்தது. ஈர மண்ணில் மணைப்பலகை ஒரு விரற்கடை அமுங்கியது.

ராகம்மா இரண்டு எட்டு நடந்தது, நின்றது, முன்காலை மடித்தது, பின்காலை மடித்தது, பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தது. டாக்டர் ஓடினார். அது புரளக்கூட இல்லை. புரள வேண்டும் என்று நினைத்தது, பாதி புரண்டது, பாதியிலேயே தூங்கிப்போயிற்று, காலை நீட்டி, உதட்டைத் தொங்கவிட்டு, குறட்டை விட்டது. குதிரை குறட்டை விடும் என்று அன்றைக்குத்தான் பலருக்குத் தெரியும். டாக்டர் மண்ணிலேயே உட்கார்ந்து, அதன் கழுத்தில் கை வைத்து, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். டவுன் பஸ் ஹாரன் அடிக்காமல் போயிற்று.

அவள் இந்தப் பக்கம் பரிமாறிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு கரண்டி சோறு இலையில் விழும்போதும் மணைப்பலகை கொஞ்சம் அமுங்கியது. ஊருக்கு அது தெரியவில்லை, எனக்குத் தெரிந்தது. முப்பத்தொரு வருஷம் முள்ளைப் பார்த்த கண். ரசத்துக்கு ஒரு நூல். பொரியலுக்கு ஒரு நூல். அவள் இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்றாள், போதும் என்று அவர் சொன்னது அவளுக்கு மட்டும் கேட்டதுபோல, என்னங்க போதும், பிள்ளை மாதிரித் திங்கறீங்க என்று கடிந்துகொண்டாள். அரைக் கிலோ, ஒரு கிலோ, ஒன்றரை. ஐம்பத்து மூன்று தாண்டியிருக்கும். பக்கத்தில் தராசு தொங்கியது, நான் அதைத் தொடவில்லை. மோர் ஊற்றியபோது பலகை மண்ணோடு மண்ணாக ஆகிவிட்டது.

ராகம்மா சாயங்காலம் நாலு மணிவரை தூங்கிற்று. அதற்குள் எப்போதோ பலகை லேசாகிவிட்டது. அவள் ஒற்றை விரலால் நெம்பி எடுத்துக் கழுவி வைத்தாள். போகிறவர் சொல்லிக்கொண்டு போகவில்லை என்று வேலியோரம் இரண்டு பெண்கள் அழுதார்கள். வயிறு நிறைந்தவன் எப்படிச் சொல்லிக்கொண்டு போவான், கண்ணைச் சொக்கிக்கொண்டு வந்திருக்கும் என்று மற்றவர்கள் தேற்றினார்கள்.

இப்போது ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். அம்மனுக்குக் கொடுத்த வெல்லம் பலிக்க ஆறு நாள் ஆயிற்று என்கிறார் பூசாரி. மெக்கானிக் தன் எடைமேடையால்தான் எல்லாம் தெரியவந்தது என்கிறான், அதில் பாதி உண்மை. பண்ணைக்கு வருகிறவர்கள் படிக்கிற கரும்பலகையில் ராகம்மாவின் பெயருக்குக் கீழே டாக்டர் என் பெயரை எழுதி வைத்திருந்தார், பந்தயத் திடல் அதிகாரி வந்து இறக்கினார் என்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிருந்தபோது பார்த்தேன். ஈரத்துணி கேட்டு வாங்கி அழித்தேன். அடுப்படிக்குப் போய், உன் பெயர் என்ன என்று கேட்டேன். எதுக்குங்க என்றாள், பிறகு சொன்னாள். சாக்பீஸ் வாங்கி நானே எழுதினேன். என் கையெழுத்து இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது.

இறக்கியவர்: துளசிமணி.